அந்தப் பக்கமாய் மடிந்த தட்டு

வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற பேர்கன் பட்டினத்தில், துறைமுகத்துக்கு மேலே கல் பாவிய ஏற்றத்தில், பெரிய தட்டில் சின்னச் சாப்பாடு போடுகிற உணவகம் ஒன்று இருக்கிறது. பெயர் ஸ்தில்லே, நோர்வேக்காரரின் பேச்சில் அமைதி என்று அர்த்தம். அமைதியெல்லாம் முன்பக்கம்தான். பின்வாசலால் வந்து பின்வாசலால் போகிற எங்களுக்கு வாய்த்தது சட்டிகளின் சத்தமும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் இரைச்சலும், முதலாளி ஆர்னே பல்லைக் கடித்துக்கொண்டு ஏசுகிற ஏச்சும். எங்களுக்கு என்றால், இருபத்தொரு வருடமாக அங்கே தட்டுக் கழுவுகிற நவம் அண்ணைக்கு, தரை துடைக்கிற எரித்திரியாக்காரி செனாய்த்துக்கு, பாண் சுடுகிற போலந்துக்காரன் மாரெக்குக்கு, மரக்கறி வெட்டுகிற வதனியாகிய எனக்கு. மண்டபத்துக் கதிரைகள் எவ்வளவு மெத்தென்றவை என்று எங்களுக்குத் தெரியும், தூசி தட்டுவது நாங்கள்தானே. இருந்து பார்த்ததில்லை.

ஆர்னேயைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஒரு பட்டாணியை எங்கே வைப்பது என்று சின்ன இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் யோசிக்கிறவனுக்குக் கெட்டவனாக இருக்க நேரம் ஏது? ஒன்பது தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒவ்வொன்றிலும் ஒரு வாய்க்குக் குறைவாக ஏதோ ஒன்று, அதன்மேல் ஒரு பூ, பூவின்மேல் ஒரு சொட்டு எண்ணெய். சாப்பிட்டவர்கள் கண்ணை மூடித் தலையாட்டிவிட்டு, கைகுலுக்கிவிட்டு, வெளியே வந்து, தெருமுனையில் வண்டி வைத்து சொசேஜ் விற்கிறவனிடம் ஆளுக்கு இரண்டு வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஊர் முழுவதற்கும் தெரிந்த சங்கதி இது. ஆர்னேக்கு மட்டும் யாரும் சொன்னதில்லை.

செல்லக்கனி அக்கா வந்தது ஒரு மார்ச் மாதத்து மழையில். உடன்குடிக்காரி. பதினாறு வயதில் கல்யாண வீட்டுச் சமையல் கோஷ்டியில் வெங்காயம் உரிக்கப் போய், முப்பதில் அந்தக் கோஷ்டிக்கே தலைவியாகி, ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் அவள் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்ட கப்பல்காரர் ஒருவர் கையோடு அழைத்துப்போக, மஸ்கட், உல்லாசக் கப்பல்கள், போர்ட் லூயி, லிஸ்பன், கெண்ட் என்று பெரிய பெரிய குசினிகளாகச் சுற்றி வந்தவள். போன ஊரிலெல்லாம் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேலைக்குச் சேரும் முன் அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, அந்த ஊரின் ஆகப் பெரிய உணவகத்துக்கு முன்வாசலால் தனியாகப் போய் உட்கார்ந்து, முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை ஒன்று விடாமல் சாப்பிடுவாள். "நாம ஆக்குறத எப்பிடி வைக்கான், எப்பிடிக் கேக்கான்னு தெரியாண்டாமா?" என்பாள். பதினான்கு ஊர்களில் அப்படிச் சாப்பிட்டு, பதினான்கிலும் பசியோடு எழுந்தவள். கடைசித் தட்டு முடிந்ததும் அவள் வலக்கை தானாகப் போய் மேல் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்குமாம், வாழையிலையை மடிக்கிற ஞாபகத்தில். லிஸ்பனில் தட்டைத் திருடுகிறாள் என்று பரிமாறுகிறவன் ஓடியே வந்துவிட்டானாம். கெண்டில் மட்டும் விளிம்பு நகக்கண் அளவு வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிர்ந்துகொண்டதாம். வாட்டாத இலை, அதனால்தான் மடியவில்லை என்று அதற்கு அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

ஸ்தில்லேயிலும் அப்படித்தான் ஒன்பது தட்டையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, முன்வாசலால் வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி, நனைந்த பட்டோடு பின்வாசலால் உள்ளே வந்தாள். நாங்கள் நால்வரும் வாசலோரம் நின்றபடி பிளாஸ்டிக் பெட்டிகளிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாலு மணிக்கு எங்களுக்குப் பத்து நிமிடம். அவள் எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தாள்.

"நாளையிலேருந்து இங்கதான் எனக்கு வேல. பேரு செல்லக்கனி. ரொம்பப் பசிக்கு. சோறு இருக்கா?"

நவம் அண்ணை தன் பெட்டியில் பாதியை மூடியில் பிரித்துக் கொடுத்தார். அன்றைக்கே அவருக்கு அவள் அண்ணாச்சி என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஒன்பது தட்டில் ஏழாவது தட்டு மட்டும் அவளுக்கு என்று ஆர்னே ஒதுக்கியிருந்தான். கொட் மீனில் தேங்காய் அரைத்துவிட்ட புளிக்குழம்பு, இறக்கும்போது ஒரு துண்டு கருப்பட்டி, அதனோடு இரண்டு தேக்கரண்டிச் சோறு. அவள் ஒரு கரண்டி சோறு வைப்பாள், அவன் இடுக்கியால் குறைப்பான். அவள் திரும்ப வைப்பாள், அவன் திரும்பக் குறைப்பான். "இது தானியமா, தங்கமா?" என்று அவள் உடன்குடித் தமிழில் கேட்பாள். கோபம் வந்தால் அவளுக்கு வேறு மொழி வராது. அவனுக்கும் அந்த நேரங்களில் தமிழ் நன்றாகவே விளங்கியது. தட்டுகளை மட்டும் அவள் யாரையும் தொட விடமாட்டாள். சோறு கட்டுகிற இலையை அனலில் வாட்டுவதுபோல ஒவ்வொரு பீங்கான் தட்டையும் நெருப்பின்மேல் இந்தப் புறம் ஒரு தடவை, அந்தப் புறம் ஒரு தடவை காட்டி எடுத்துத்தான் பரிமாறுவாள்.

ஏப்ரலில் ஒரு வியாழன் மத்தியானம் ஆர்னே சிப்பி பார்த்து வாங்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தான். ஜன்னலோர மேசையில் பல் வைத்தியர் ஸிக்ரித் இருந்தாள். வியாழன்தோறும் தனியாக வருகிறவள், வியாழன்தோறும் சொசேஜ் வண்டியிலும் நிற்கிறவள். செல்லக்கனி அக்கா தட்டு நிறையச் சோறு வைத்து, மீனை உடையாமல் எடுத்து வைத்து, குழம்பை ஊற்றி அனுப்பினாள். அதோடு விடாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு தானே மண்டபத்துக்குள் போய், "இன்னும் கொஞ்சம்?" என்று தமிழில் கேட்டாள். ஸிக்ரித்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தட்டை நீட்டினாள். இரண்டாம் தடவையும் நீட்டினாள். மூன்றாம் தடவை இரண்டு கையாலும் தட்டை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அவளுக்கு முன்னால் இருந்த பீங்கான் தட்டின் மேல்பாதி எழும்பி, சத்தம் போடாமல் அவள் பக்கமாகச் சரிந்து, கீழ்ப்பாதியின்மேல் படிந்து மடிந்தது. ஒரு கீறல் கிடையாது. ஸிக்ரித் வாயைத் துடைத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, சொசேஜ் வண்டியைத் தாண்டி நேரே வீட்டுக்குப் போய்ச் சாயந்தரம்வரை தூங்கினாள்.

பரிமாறுகிற ரூன் அதைக் கொண்டுவந்து கழுவுகிற தொட்டியோரம் வைத்தான். நவம் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு அதை வடிவாகப் பார்த்தார்.

"தங்கச்சி, உது மடிச்ச இலையெல்லோ."

"ஆமா அண்ணாச்சி. வாட்டுனா எதுவும் மடியும்," என்று அவள் அடுத்த தட்டை அனலில் காட்டினாள்.

அவர் அதைச் சுடுதண்ணீரில் போட்டார். அது மெல்ல விரிந்து பழையபடி தட்டாகியது. கழுவித் துடைத்து அடுக்கினார். செனாய்த்தும் மாரெக்கும் விளக்கம் கேட்க, கையைத் தட்டாக வைத்து மடித்துக் காட்டிச் சொன்னார். "மேல்பக்கத்தை உன்ர பக்கம் இழுத்து மடிச்சா, சாப்பாடு நல்லது, திரும்பவும் வருவன் எண்டு அர்த்தம். கீழ்ப்பக்கத்தைத் தூக்கி அங்கால தள்ளி மடிக்கிறது செத்தவீட்டில மட்டும். இப்பிடியொரு சாப்பாடு இனி எனக்கு வேண்டாம், இதோட சரி எண்டு." மாரெக் உடனே தன் கையை இரண்டு விதமாகவும் மடித்துப் பார்த்துக்கொண்டான்.

ஒரு மாதத்துக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. தட்டுச் செய்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, உடைந்தால்தான் உத்தரவாதம், மடிந்தால் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுப் போனார். சர்வகலாசாலையிலிருந்து வந்த அம்மா மூன்று நாள் அளந்தாள். வயிறு நிறைந்தால் மடிகிறது, நிறையாவிட்டால் மடிவதில்லை என்று நாங்கள் முதல் நாளே சொன்னதை நாற்பது பக்கத்தில் எழுதினாள். பாதிரியார் பிரசங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுத்தார். கல்யாணமாகிப் பல வருடமான ஆண்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கள்ளமாகப் பார்க்கத் தொடங்கி, அதனால் சில வீடுகளில் சண்டை வந்தது. சொசேஜ் வண்டிக்காரன் பிழைப்புப் போச்சு என்று சண்டைக்கு வந்தான். பின்வாசலில் நிறுத்திக் குழம்பு கொடுத்தோம். கொட்டுகிற மழையிலும் வண்டியை விட்டுவிட்டு வாராவாரம் வர ஆரம்பித்தான். எங்கள் தமிழ்ச் சங்கத்திலும் கூட்டம் போட்டார்கள். இந்த மடிப்பு இந்தியாக்காரரின் பழக்கமா, எங்கடை பழக்கமா என்று நாலு மணித்தியாலம் கதைத்து, ஒரு முடிவும் எடுக்காமல், கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

ஆர்னே மட்டும் இளைத்துப்போனான். மேசை கிடைக்காமல் ஆட்கள் ஆறு வாரம் காத்திருந்தார்கள். உணவுப் பட்டியலில் 'மடியும் தட்டு, ஆர்னேயின் படைப்பு' என்று அச்சடித்தும் ஆயிற்று. ஆனாலும் அவன் பூவும் எண்ணெய்ச் சொட்டும் வைத்து அனுப்பிய மற்ற எட்டுத் தட்டும் போனபடியே தட்டையாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பான். எனக்கே பாவமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

செல்லக்கனி அக்காவின் கவலை வேறு. ஒரு நாள் நாலு மணிக்கு எங்களுக்கும் அதே குழம்பை ஊற்றிவிட்டு, எங்கள் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் மடியவில்லை. பிளாஸ்டிக் என்பதாலாக்கும் என்று மறுநாள் மண்டபத்துத் தட்டுகளை வாட்டிக் கொண்டுவந்தாள். வயிறு முட்டச் சாப்பிட்டோம், மடியவில்லை. நின்றபடி சாப்பிடுவதாலாக்கும் என்று அடுத்த நாள் உருளைக்கிழங்குப் பெட்டிகளைக் கவிழ்த்து எங்களை உட்கார வைத்தாள். நவம் அண்ணை மூன்றாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார், அவளுக்காகவே. தட்டு அசையவில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் மடியுது. எங்கூட நிக்க ஆளுவளுக்கு மடியலன்னா நான் என்ன சமையக்காரி?"

அன்றைக்குத்தான் கடைசிப் பந்தியைப் பற்றி எங்களுக்குச் சொன்னாள். அவள் கோஷ்டியில், எத்தனை பந்தி போனாலும், கடைசிப் பந்தி ஆக்கினவர்களுக்கும் பரிமாறினவர்களுக்கும் கழுவினவர்களுக்கும்தான். அதே கூடத்தில், அதே வரிசையில், மாப்பிள்ளை உட்கார்ந்த அதே இடத்தில். பெண்ணைப் பெற்றவரே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, குனிந்து, போதுமா என்று கேட்டுப் பரிமாறவேண்டும். அது முடியும்வரை அடுப்பை அணைக்கமாட்டார்கள். தலைமைச் சமையல்காரி அதற்கும் பிறகுதான் கைநனைப்பாள். "பதினாலு ஊருல ஆக்கிட்டேன். ஒரு ஊருலயும் எனக்குக் கடைசிப் பந்தி போடல. நானும் வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்," என்றாள். "இனி கெடக்க மாட்டேன்."

நேரே போய் ஆர்னேயிடம் கேட்டாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு விளங்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

"மண்டபம் விருந்தினருக்கு. குசினி குசினிக்காரருக்கு. இடுப்பில் கட்டிய ஈரக் கவசத்தோடு அந்தக் கதிரைகளில் இருப்பதா? அதுவும் நான் பரிமாறுவதா?"

"ஆமா. நீங்கதான்."

"உன் வேலை அனுமதி இந்தக் குசினியோடு சேர்ந்தது. நான் கையை எடுத்தால் அந்த மாதமே நீ ஊருக்குப் போகவேண்டியதுதான்."

"ஊரு எனக்கு இருக்கு. அத யாரும் புடுங்கலயே," என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கிண்டப் போனாள்.

அவளுக்காவது வேறு ஊர் இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. நவம் அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். "வேண்டாம் தங்கச்சி. நாங்கள் பழகிட்டம். எனக்கு உள்ளுக்க போய் இருக்கேலாது, கூச்சமாக் கிடக்கும்." அவர் சொன்னதற்கு நான் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் தலையாட்டலுக்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூன் மாதத்தில் தலைநகரிலிருந்து மூன்று நடுவர்கள் வரப்போவதாகத் தகவல் வந்தது. வெள்ளி அகப்பை என்று ஒரு விருது. அதற்காக ஆர்னே பதினோரு வருடமாகக் காத்திருந்தான். மதியம் ஒரு மணிக்கு விருந்து, எல்லா மேசைகளும் நிறைந்திருந்தன. அதிசயமாக மழையும் விட்டிருந்தது. காலையில் நான் கரட் வெட்டிக்கொண்டிருந்தபோது செல்லக்கனி அக்கா ஒவ்வொரு தட்டாக எடுத்து அனலில் காட்டி, குனிந்து அதனிடம் ஏதோ சொல்லிச் சொல்லி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க ஆளுவ உக்காருற வரைக்கும் பொறுத்துக்கோன்னு சொல்லுதேன்," என்றாள்.

அன்றைக்கு அவள் வைத்த குழம்பைப்போல அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை. கைவேலையில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. பகையைக் குழம்பில் காட்டுவது சமையல்காரிக்கு அழகில்லை என்பது அவள் கட்சி. நடுவர்கள் மூவரும் இரண்டாம் தடவை வாங்கினார்கள், மூன்றாம் தடவை வாங்கினார்கள், பிறகு சாய்ந்து உட்கார்ந்து தட்டுகளைப் பார்த்தார்கள். பக்கத்து மேசைக்காரர்களும் பார்த்தார்கள். ஸிக்ரித்தும் பார்த்தாள். ஒரு தட்டும் மடியவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அந்த உணவகத்துக்கு வைத்த பெயர் அன்றைக்குத்தான் பொருந்தியது.

ஆர்னே குசினிக்குள் பாய்ந்து வந்தான். முகத்தில் ரத்தமில்லை. "என்ன செய்தாய்?"

"நான் ஆக்குனேன். அவுக வயிறு நெறஞ்சிட்டு. தட்டுக்குத்தான் இன்னும் நெறயல." அடுப்பின்மேல் பெரிய சட்டி கொதித்துக்கொண்டிருந்தது, எங்களுக்கென்று அவள் தனியாக வைத்தது. "கடைசிப் பந்தி பாக்கியிருக்கு."

"ஒருபோதும் இல்லை," என்றான் ஆர்னே.

அவள் அவனை விட்டுவிட்டு நவம் அண்ணையின் பக்கம் திரும்பினாள். அவர் தொட்டிக்குள் கையை விட்டபடி குனிந்தே நின்றார்.

"அண்ணாச்சி. இருபத்தோரு வருசமா ஊரான் தட்டக் கழுவுதிய. உங்க தட்ட என்னைக்காவது யாராவது எடுத்திருக்காவளா?"

அவர் தண்ணீரிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கைகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, எப்போதும் அப்படித்தான் இருக்கும். முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கவசத்தின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பவும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"கழட்டமாட்டன். இதோடதான் இருப்பன்," என்றார்.

மண்டபத்துக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். அவர் பின்னால் செனாய்த், மாவுக் கையோடு மாரெக், கரட் நிறக் கையோடு நான். நடுவர்களுக்குப் பக்கத்து மேசைக்காரர்களை ரூன் தானாகவே வேறிடத்தில் இருத்தி, மேசையை ஒழித்துக் கொடுத்தான். இருந்தோம். கதிரை நான் நினைத்ததைவிட மெத்தென்றுதான் இருந்தது. மண்டபம் முழுவதும் எங்களையே பார்த்தது.

செல்லக்கனி அக்கா வாட்டிய தட்டுகளை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, குழம்பு வாளியை ஆர்னேயின் கையில் கொடுத்தாள். அவன் வாளியைப் பார்த்தான், நடுவர்களைப் பார்த்தான், அவர்கள் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவனைப் பார்ப்பதைப் பார்த்தான். "இது எங்கள் உணவகத்தின் பழக்கம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி அவர்களிடம் சொன்னான். வாழ்க்கையில் அவன் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் பிறகு உண்மையாகியது.

குனிந்து பரிமாறினான். நவம் அண்ணை தலை நிமிராமல் சாப்பிட்டார். தட்டு காலியானது. ஆர்னே அப்படியே நின்றான்.

"கேளுங்க," என்றாள் செல்லக்கனி அக்கா அவனுக்குப் பின்னாலிருந்து.

"இன்னும் கொஞ்சம்?" என்று அவன் தன் மொழியில் கேட்டான்.

நவம் அண்ணை நிமிர்ந்தார். அந்த ஆளின் முகத்தைக் கீழிருந்து மேலாக அல்லாமல் நேராகப் பார்த்தார். "ஓம். இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

போட்டான். அதுவும் முடிந்தது. திரும்பக் கேட்டான். திரும்பப் போட்டான். மூன்றாம் தடவையும் முடித்துவிட்டு நவம் அண்ணை கதிரையில் சாய்ந்து, ஜன்னலையும், வெளியே தெரிந்த துறைமுகத்தையும், அத்தனை வருடமாகத் தான் கழுவிய தட்டுகள் வந்துபோன மேசைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம்?" என்று ஆர்னே நாலாம் தடவை கேட்டபோது அந்தக் குரலில் பல்லைக் கடிக்கிற சத்தம் இல்லை.

"காணும்," என்றார் நவம் அண்ணை.

போதும் என்பதற்கு எங்கள் சொல் அது. இருபத்தொரு வருடத்தில் அவர் வாயால் அதை அங்கே யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சொல்வதற்கு யாராவது அவரைக் கேட்டிருக்கவேண்டுமே. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவருக்கு முன்னால் இருந்த தட்டின் மேல்பாதி எழும்பி அவர் பக்கமாகச் சரிந்து மடிந்தது. அதன்பின் செனாய்த்தினது, மாரெக்கினது, என்னது. பிறகு நடுவர்கள் மூவரினதும், ஸிக்ரித்தினதும், மண்டபத்தில் இருந்த அத்தனை பேரினதும், வாழைத்தோட்டத்தில் காற்றுப் புகுந்ததுபோல ஒரே சரசரப்பாக மடிந்தன. சொசேஜ் வண்டிக்காரன் கண்ணாடிக்கு வெளியே நின்று கைதட்டினான்.

வெள்ளி அகப்பை கிடைத்தது. மறுநாள் காலையில் ஆர்னே செல்லக்கனி அக்காவைக் கூப்பிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கதிரை போட்டு உட்கார வைத்தான். நடுவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தப் பந்திதானாம். இனி வெள்ளிக்கிழமைதோறும் அதைச் செய்யலாம். விருந்தினர் சுற்றி இருந்து பார்க்க, வேலைக்காரர் நடுவே இருந்து சாப்பிடுவார்கள். அதற்குத் தனி நுழைவுச்சீட்டு. கவசங்களைக் கொஞ்சம் அழகாகத் தைக்கலாம். அந்தக் கிழவர் ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும், மக்களுக்கு அது பிடித்திருக்கிறது.

அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

"சாப்பிடுற மனுசன வேடிக்க பாக்கதுக்கு டிக்கெட்டா? எங்க அண்ணாச்சி என்ன சர்க்கஸா?"

"அப்படியென்றால் உன் அனுமதி..."

"எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. பந்தி நாலு மணிக்கு, தெனமும், கதவச் சாத்திட்டு. வேடிக்கைக்கு ஒருத்தர் நிக்கக்கூடாது. ஒரு நா விட்டாலும் ஒரு தட்டும் மடியாது. நான் இங்க இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, தட்டுக்கிட்ட சொல்லிட்டேன்."

அவள் சொன்னது பொய்யா மெய்யா என்று பரீட்சித்துப் பார்க்க ஆர்னேக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

அனுமதி முடிந்து அவள் போகிற அன்று நாலு மணிக்கு அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். "தலைமக்காரி இன்னும் சாப்பிடலல்லா," என்று ஜன்னலோர மேசையில் போய் உட்கார்ந்தாள். குழம்பை நான் வைத்திருந்தேன், அவள் சொல்லிக்கொடுத்தபடி. கருப்பட்டி ஒரு துண்டு கூடிவிட்டது. அவள் அதையும் வழித்துச் சாப்பிட்டாள். நவம் அண்ணை வாளியோடு நின்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். பதினைந்து ஊர்களில் முதல் தடவையாக அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதை நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விடைகொடுக்க ஆர்னேயும் வந்து எதிரே நின்றான். நல்ல மனதோடுதான் வந்தான் என்று நினைக்கிறேன்.

எங்களைப் பார்த்து ஒவ்வொருவராகத் தலையசைத்தாள். அப்போது தட்டின் மேல்பாதி தானாக எழும்பப் பார்த்தது. அவள் அதை உள்ளங்கையால் அமத்தினாள். அது எங்களுக்கானது என்று எனக்கு விளங்கியது. எங்களிடம் திரும்பி வருகிற பேச்சை அவள் வாயால் சொல்வதற்கென்று வைத்துக்கொண்டாள். பிறகு ஆர்னேயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கீழ் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, தூக்கி, அவன் பக்கமாக அங்கால தள்ளி மடித்து, மேலே ஒரு தட்டுத் தட்டி அழுத்தினாள். மாரெக்கின் கையிலிருந்த பாண் தட்டு நழுவி விழுந்தது. நவம் அண்ணை கவசத்தின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாரேன்," என்று அவனிடம் அவள் சொல்லவில்லை. எங்களிடம் மட்டும் சொன்னாள். அரக்குப் பட்டு நனைய நனைய, முன்வாசலால் இறங்கிப் போனாள்.

அந்தத் தட்டை எந்தச் சுடுதண்ணீரும் விரிக்கவில்லை. நவம் அண்ணை மூன்று தடவை போட்டுப் பார்த்தார், நான்காம் தடவை போடவில்லை. ஆர்னே அதை அவள் நன்றியோடு விட்டுப்போன பரிசு என்று கண்ணாடிச் சட்டம் போட்டு, சின்ன விளக்கொன்றும் பூட்டி, முன்வாசல் சுவரில் மாட்டியிருக்கிறான். வருகிறவர்களை நிறுத்தி, அவளே தன் கையால் மடித்தது என்று பெருமையாகக் காட்டுகிறான். தமிழ் ஆட்கள் வந்தால் ஒரு கணம் அதைப் பார்ப்பார்கள், பிறகு எங்களைப் பார்ப்பார்கள், பிறகு இருமிக்கொண்டே உள்ளே போவார்கள்.

நாங்கள் தினமும் நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு மண்டபத்தில் இருக்கிறோம். ஆர்னே வாளியோடு வருகிறான், குனிகிறான், கேட்கிறான். அவனுக்கு இப்போது 'காணும்' என்ற சொல் நன்றாகத் தெரியும். சுவரில் இருக்கிற மடிப்புக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் அவன் இன்னும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் சொல்வதாக இல்லை.